வண்டல் மேல ஒரு கோல்ஃப் மைதானம்

கோல்ஃப் பத்தி ஒரு பதிவுன்னு சொன்னதுமே உங்கள்ல பாதிப் பேர் ஜன்னலை மூடிட்டு அடுத்த கடைக்குப் போயிடுவீங்கன்னு தெரியும். பணக்காரன் விளையாட்டு, வெள்ளைக்காரன் விளையாட்டு, கால்சட்டைக்கும் கார்ச்சாவிக்கும் மட்டும் கதவு திறக்கிற இடம். ஊர்ல இருந்தவரைக்கும் நானும் மதில் சுவருக்கு வெளியே நின்னு பார்த்தவன்தான்.

ஆனா அமெரிக்காவுல ஒரு விஷயம் உண்டு. இங்கே இருக்கிற கோல்ஃப் மைதானங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பங்கு, யார் வேணும்னாலும் காசு கட்டி உள்ளே போகலாம். அதுல ஒரு பகுதி ஊராட்சி, மாநகராட்சி, அரசாங்கம் இவங்க வச்சிருக்கிற பொது மைதானங்கள். நம்மூர்ல மாநகராட்சி நீச்சல் குளம் இருக்குற மாதிரின்னு வச்சுக்குங்க. தபால்காரர், டாக்ஸி ஓட்டுறவர், ஓய்வுபெற்ற வாத்தியார், வேலை முடிஞ்சு வர்ற நம்ம மாதிரி கம்ப்யூட்டர் ஆட்கள் எல்லாரும் வரிசையில நின்னு ஆடற இடம். புல் கொஞ்சம் சொட்டையா இருக்கும். மழை பெஞ்சா குளமா இருக்கும். கட்டணம் கம்மிங்கறதால யாரும் பெருசா குறை சொல்ல மாட்டாங்க.

இந்தக் கடைசி வரியிலதான் இன்னைக்கு மேட்டரே இருக்கு. கட்டணம் கம்மியா இருக்கறதால தண்ணி தேங்குதா, தண்ணி தேங்கறதாலதான் கட்டணம் கம்மியா இருக்கா? அதைச் சரி பண்ணப் போனா யார் கைக்கு மைதானம் போகும்? இதுக்கு வாஷிங்டன் நகரத்துல இருக்கிற கிழக்கு பொட்டோமாக் மைதானத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. நான் அடிக்கடி போய் பந்தைத் தொலைச்சுட்டு வர்ற இடம் :-)

ஆற்றை அள்ளிப் போட்டுச் செஞ்ச நிலம்

செர்ரிப் பூ பார்க்க வாஷிங்டன் வந்தவங்களுக்கு இடம் சொன்னா புரியும். ஜெஃபர்சன் நினைவிடத்துக்குத் தெற்கே, ஒரு பக்கம் பொட்டோமாக் ஆறு, இன்னொரு பக்கம் வாஷிங்டன் கால்வாய், நடுவுல ஒரு நீளமான நாக்கு மாதிரி நிலம். முனைக்குப் பேரு ஹெய்ன்ஸ் பாயின்ட். நாக்கோட நடுப்பகுதி முழுக்க கோல்ஃப்: 18 குழி மைதானம் ஒண்ணு, 9 குழி மைதானங்கள் ரெண்டு, பக்கத்துலயே பயிற்சித் தளம், 1930-கள் காலத்து குட்டி கோல்ஃப் ஒண்ணு.

இந்த நிலம் இயற்கையா உண்டானது இல்லை. 19-ம் நூற்றாண்டுல இங்கே இருந்தது சேறு. மேல்பகுதியில காடு அழிச்சு விவசாயம் பண்ணப் பண்ண, அடிச்சுக்கிட்டு வந்த வண்டல் நகரத்து வாசல்ல படிஞ்சு திட்டாயிடுச்சு. நகரத்துச் சாக்கடையும் அங்கேதான் போய்ச் சேரும். ஆத்துல தண்ணி வத்தினா நாத்தம், தேங்கினா கொசு. வெள்ளை மாளிகைக்குத் தெற்கால இந்தச் சதுப்பு. மலேரியா கெட்ட காத்துல வருதுன்னு நம்பின காலம் அது.

1881 பிப்ரவரியில பொட்டோமாக்ல பெரிய வெள்ளம். பென்சில்வேனியா அவென்யூ வரைக்கும் தண்ணி. தன் வாசல்ல தண்ணி வந்தா எந்த அரசாங்கத்துக்கும் சுறுசுறுப்பு வந்துடுமே! 1882-ல அமெரிக்க நாடாளுமன்றம் 4 லட்சம் டாலர் ஒதுக்கி, ராணுவப் பொறியாளர் படைகிட்ட வேலையை ஒப்படைச்சுது. பொறுப்பு மேஜர் பீட்டர் கொனோவர் ஹெய்ன்ஸ்.

இந்த ஹெய்ன்ஸ் சுவாரசியமான ஆள். 1861-ல உள்நாட்டுப் போரோட முதல் பெரிய சண்டையான புல் ரன்ல, வடக்குப் படை சார்பா முதல் பீரங்கியைச் சுட்டவர். 21 வயசு. அதுக்கப்புறம் 56 வருஷம் கழிச்சு, முதல் உலகப் போர்ல 77 வயசுல மறுபடியும் ராணுவச் சட்டையைப் போட்டுக்கிட்டு வேலைக்கு வந்தார். நடுவுல இந்த ஆத்தைத் தூர்வாரினார்.

அவர் பண்ணின வேலை ரெண்டு மாங்கா ஒரே கல்லு. கப்பல் போக ஆத்தை ஆழமாக்கணும். தோண்டின வண்டலை எங்கே கொட்டறது? சேத்துத் திட்டு மேலேயே கொட்டி மேடாக்கினார். சுத்தி கல்லுல கரைச்சுவர். இப்படி 600 ஏக்கருக்கு மேல புது நிலம் பிறந்தது. இன்னைக்கு லிங்கன் நினைவிடம், ஜெஃபர்சன் நினைவிடம் எல்லாம் நிக்கிறது இந்த வண்டல் மேலதான்.

அவரோட இன்னொரு வேலை டைடல் பேசின். செர்ரி மரங்கள் சுத்தி நிக்குதே, அந்தக் குளம். அழகுக்காகக் கட்டினதுன்னுதான் எல்லாரும் நினைப்போம். உண்மையில அது ஒரு கழுவுத் தொட்டி. கடல் தூரமா இருந்தாலும் ஓதம் இந்த ஆத்துல வாஷிங்டன் வரைக்கும் ஏறும். ஓதம் ஏறும்போது ஆத்துப் பக்கத்து மதகு வழியா பேசின்ல தண்ணி நிரம்பும். ஓதம் இறங்கும்போது இன்னொரு மதகு திறந்து அந்தத் தண்ணி வாஷிங்டன் கால்வாய்க்குள்ள பாய்ஞ்சு சேறையும் அழுக்கையும் தள்ளிக்கிட்டுப் போகும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. மோட்டார் கிடையாது, டீசல் கிடையாது. நிலவுதான் எஞ்சின்.

1897 மார்ச்சுல நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுது. இந்த நிலம் மக்களோட பொழுதுபோக்குக்கும் சந்தோஷத்துக்கும் என்றென்றைக்கும் பூங்காவாவே இருக்கணும்னு. அதே 1897 ஆகஸ்ட்டுல நம்ம செகந்திராபாத்துல ரொனால்ட் ராஸ் கொசு வயித்துல மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிச்சார். கெட்ட காத்துக்குப் பயந்து மூடின சதுப்புல உண்மையான வில்லன் கொசுதான்னு உலகத்துக்குத் தெரிஞ்ச வருஷமும், அந்த நிலம் மக்களுக்குன்னு எழுதிக் கொடுத்த வருஷமும் ஒண்ணு.

சட்டத்துல இருந்தது "மக்கள்"ங்கற ஒரே வார்த்தை. எந்த மக்கள்ங்கறதை எழுதலை. அந்தப் பஞ்சாயத்துக்கு அப்புறம் வர்றேன்.

ட்ராவிஸ் போட்ட கோலம்

1920-ல இங்கே முதல் 9 குழிகள் திறந்தாங்க. வடிவமைச்சவர் வால்டர் ட்ராவிஸ். ஆஸ்திரேலியாவுல பிறந்து அமெரிக்கா வந்தவர். முப்பத்தஞ்சு வயசை நெருங்கும்போதுதான் கோல்ஃப் மட்டையைக் கையில எடுத்தார். நாலே வருஷத்துல, 1900-ல அமெரிக்க அமெச்சூர் சாம்பியன். 1901, 1903-லயும் அவரே. 1904-ல இங்கிலாந்து போய் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் தூக்கிட்டு வந்தார். முப்பது தாண்டிட்டா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு புலம்பற பதிவர்கள் கவனிக்க :-)

ட்ராவிஸ் இங்கே பண்ணின விசேஷம், ரெண்டு பக்கமும் ஆடக்கூடிய மைதானம். ஒரு நாள் இடஞ்சுழியா ஆடலாம், இன்னொரு நாள் வலஞ்சுழியா ஆடலாம். அதே க்ரீன், அதே புல்வெளி, ஆனா வேற மைதானம். ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தை அந்தக் காலத்துல இப்படித்தான் மாத்தி மாத்தி ஆடுவாங்க. கூட்டம் அதிகமா வர்ற பொது மைதானத்துக்கு இது நல்ல யோசனை. தேய்மானம் ஒரே இடத்துல விழாது.

1923-ல அமெரிக்கப் பொது மைதான ஆட்டக்காரர்களுக்கான தேசிய அமெச்சூர் போட்டி இங்கேதான் நடந்தது. கிளப் உறுப்பினர் இல்லாத சாதாரண ஆட்டக்காரர்களுக்காகவே இருந்த போட்டி அது. ஹெய்ன்ஸ் 1921-ல இறந்துட்டார். தான் தூர்வாரின சேத்துல ஜனங்க பந்து அடிக்கறதை அவர் பார்த்தாரான்னு தெரியாது, ஆனா அடிக்க ஆரம்பிச்சப்போ உயிரோட இருந்தார்.

எந்த மக்கள்?

வாஷிங்டன் அப்போ இனப்பிரிவினை ஊர். 1922-ல லிங்கன் நினைவிடத்தைத் திறந்து வச்சப்போ, அடிமைத்தனத்தை ஒழிச்சவரோட நினைவிடத் திறப்பு விழாவுலயே கறுப்பர்களுக்குத் தனி இருக்கை. 1924-ல அந்த நினைவிடத்துக்குப் பக்கத்துல கறுப்பர்களுக்குன்னு ஒரு 9 குழி மைதானம் போட்டாங்க. நல்ல மைதானம் உங்களுக்கு இல்லைன்னு சொல்றதுக்கு நாசூக்கான வழி அது.

1937-ல ஹெலன் வெப் ஹாரிஸ் என்கிற ஆசிரியை, வேக்-ராபின் கோல்ஃப் கிளப்பை ஆரம்பிச்சார். கறுப்பினப் பெண்களுக்கான கோல்ஃப் கிளப். 1938-ல இந்தப் பெண்கள் உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கிஸுக்கு மனு போட்டாங்க, பொது மைதானங்களை எங்களுக்கும் திறந்து விடுங்கன்னு. (இந்த ஊர்ல உள்துறைன்னா போலீஸ் இலாகா இல்லை. பூங்கா, காடு, அரசு நிலம் இதையெல்லாம் பார்க்கிற துறை.)

அதுக்கப்புறம் 1939 ஜூன்ல லாங்ஸ்டன் மைதானம் திறந்தது. கறுப்பர்களுக்குன்னு கட்டினது. எங்கே கட்டினாங்க தெரியுமா? நகரத்தோட இன்னொரு மூலையில, அனகோஸ்டியா ஆத்துக்குப் பக்கத்துல, பழைய குப்பைமேட்டு மேல. பக்கத்துல திறந்த சாக்கடை. நல்ல வடிகால் இருக்கிற நிலம் யாருக்குப் போகும், குப்பைமேடும் சதுப்பும் யாருக்குப் போகும்னு ஊர் ஊருக்கு ஒரே சட்டம்தான் போல. வடிகால் பொறியியல் சமாச்சாரம் மட்டும் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது லாங்ஸ்டன் கதையைப் படிச்சப்போதான்.

1941 ஜூன் 29. ஏசா வில்லியம்ஸ், ஜார்ஜ் வில்லியம்ஸ், சிசில் ஷாம்வெல் என்கிற மூணு கறுப்பர்கள் கிழக்கு பொட்டோமாக்குக்கு வந்து ஆடணும்னு கேட்டாங்க. பூங்காப் போலீஸ் கூடவே வர, கூட்டம் கேலி பேச, ஆடினாங்க. நல்லா ஆடினாங்களான்னு கேட்காதீங்க. சுத்தி நின்னு கத்தற கூட்டத்துக்கு நடுவுல நாலடி தூரத்துல இருக்கிற குழியில பந்தை உருட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம். இக்கிஸ் பின்வாங்கலை. அவங்களும் வரி கட்டற குடிமக்கள், ஆடக்கூடாதுங்கறதுக்குக் காரணமே இல்லைன்னு சொல்லிட்டார். கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அரங்கம் தர மாட்டோம்னு சொன்னப்போ, 1939-ல லிங்கன் நினைவிடத்துப் படியில பாட ஏற்பாடு பண்ணி மேடையில அறிமுகப்படுத்தினதும் இதே இக்கிஸ்தான்.

ஆக, 1897-ல எழுதின "மக்கள்"ங்கற வார்த்தை முழுசா அர்த்தமாக 44 வருஷம் ஆச்சு. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, இந்த மைதானத்துல ஒருத்தரை உள்ளே விடாம இருக்கிறதுக்கு முதல்ல நிறத்தைப் பயன்படுத்தினாங்க. அந்த வழி மூடியாச்சு. மிச்சம் இருக்கிற வழி விலை.

தண்ணி ஏன் போக மாட்டேங்குது?

வயலுக்கு வடிகால் வாய்க்கால் வெட்டிப் பார்த்தவங்களுக்கு இது ஒரு வரிப் பாடம். தண்ணி பள்ளத்தைத் தேடும். பள்ளமே இல்லைன்னா?

சாதாரணமா மேல்தரையில தண்ணி தானா வடிய 100 மீட்டருக்கு 2 மீட்டர் சரிவு வேணும்னு கணக்கு வைப்பாங்க. சரிவு இல்லைன்னா குழி தோண்டி, ஓட்டை போட்ட குழாய் பதிச்சு, மேலே சரளைக்கல் நிரப்பி மண்ணுக்குள்ள இருந்து தண்ணியை வாங்கணும். அந்தக் குழாய்க்கும் 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கமாவது இருந்தா நல்லது. 300 மீட்டர் குழாய்னா கடைசி முனை 3 மீட்டர் கீழே. கிழக்கு பொட்டோமாக் தோசைக்கல் மாதிரி தட்டை. சுத்தி இருக்கிற ஆறோ ஓதத்துல சுமார் 3 அடி ஏறி இறங்கற ஆறு. குழாயோட வாய் ஆத்து மட்டத்துக்குக் கீழே போயிடுச்சுன்னா, தண்ணி வெளியே போறதுக்குப் பதிலா உள்ளே வரும். சொந்தச் செலவில் சூனியம்னா இதுதான்.

அதோட மண்ணும் சரியில்லை. ஆத்து அடியில இருந்து அள்ளின பொடி வண்டல். மேலே நூறு வருஷமா ஜனங்க நடந்து, வண்டி ஓடி இறுகிப் போயிருக்கு. மழைத்தண்ணி உள்ளே இறங்காது. வேருக்குக் காத்து கிடைக்காம புல் அழுகும். புல் செத்த இடம் இன்னும் இறுகும். ஒரு நல்ல க்ரீன் எப்படிக் கட்டணும்னு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-லயே அளவு கொடுத்துடுச்சு: அடியில குழாய், அது மேல 4 அங்குலம் சரளை, அது மேல 12 அங்குலம் மணல் கலவை. அது ஒவ்வொண்ணும் காசு.

போதாக்குறைக்கு ரெண்டு விஷயம் நூறு வருஷமா மெதுவா நடக்குது. கரைச்சுவர் வண்டல்ல அமுங்கிக்கிட்டே போகுது. ஆறு ஏறிக்கிட்டே வருது. வாஷிங்டன்ல 1924-ல இருந்து ஓத அளவு எடுக்கிறாங்க. கணக்குப்படி வருஷத்துக்குச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் ஏற்றம். கடல் மட்டம் உயர்றது பாதிக் காரணம்னா, நிலமே தாழ்றதும் சேர்ந்துக்குது. மூன்றரை மில்லிமீட்டர்னா சிரிப்பா இருக்கும். நூறு வருஷத்துக்கு ஓரடிக்கு மேல. 2003 செப்டம்பர்ல இசபெல் சூறாவளி வந்தப்போ இந்த நாக்கு முழுக்கத் தண்ணி. பக்கத்துல டைடல் பேசின் கரைச்சுவர்ல ஓதம் ஏறும்போதெல்லாம் நடைபாதை முழுகி செர்ரி வேர் அழுகினது பல வருஷக் கதை. 2024-ல அந்தச் சுவரைத் திரும்பக் கட்ட ஆரம்பிச்சாங்க. சுமார் 11 கோடி டாலர் வேலை. அதுக்காக வெட்டின மரங்கள்ல "ஸ்டம்பி"ன்னு ஜனங்க செல்லமா கூப்பிட்ட மொட்டை செர்ரி மரமும் ஒண்ணு.

ஹெய்ன்ஸ் பாயின்ட்ல 1980-ல இருந்து 2008 வரைக்கும் ஒரு பிரம்மாண்டமான சிலை இருந்தது. பூமிக்குள்ள புதைஞ்ச ராட்சசன் ஒருத்தன் முழிச்சு எழுந்திரிக்கற மாதிரி, கையும் காலும் தலையும் மட்டும் வெளியே. குழந்தைங்க வாய்க்குள்ள ஏறி விளையாடும். இப்போ அது மேரிலாந்து பக்கம் போயிடுச்சு. அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சிலை கிடையாது. புதைச்ச சதுப்பு ஒவ்வொரு மழைக்கும் கையைத் தூக்குது.

ஆடறவங்க பக்கம் இருந்து பார்த்தா எப்படி இருக்கும்? ரெண்டு நாள் மழைக்கு அப்புறம் போனா, வண்டி பாதையை விட்டு இறங்கக்கூடாதுன்னு அறிவிப்பு. அடிச்ச பந்து உருளாது, விழுந்த இடத்துலயே புதையும். கோல்ஃப் விதியில இதுக்கு அபராதம் இல்லாம எடுத்து வச்சுக்கலாம்னு சலுகை இருக்கு. "தற்காலிகத் தண்ணீர்"னு 2019 விதிப்புத்தகத்துல பேரே வச்சிருக்காங்க. இங்கே அந்தத் தற்காலிகத்துக்கு நிரந்தர முகவரி உண்டு. நான் வழக்கமா சேர்ந்து ஆடற ஓய்வுபெற்ற பெரியவர் ஒருத்தர் ரெண்டு ஜோடி காலுறை கொண்டு வருவார். பாதியில மாத்திக்குவார். "குறைஞ்ச காசுக்கு நீச்சலும் சேர்த்து"ன்னு சிரிப்பார்.

யார் குழாய் பதிப்பாங்க?

நூறு வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச பிரச்சினையை ஏன் யாரும் சரி பண்ணலை? என் பார்வையில, காரணம் சோம்பல் இல்லை. ஒப்பந்தத்தோட வயசு.

இந்த மைதானம் மத்திய அரசோட தேசியப் பூங்கா சேவைக்குச் சொந்தம். அவங்க நேரா நடத்தறதில்லை, ஒப்பந்தக்காரர் நடத்துவார். 1998-ல வந்த சட்டப்படி இந்த மாதிரி ஒப்பந்தங்கள் பொதுவா 10 வருஷத்துக்குள்ள, மிஞ்சிப் போனா 20. இப்போ நீங்க ஒப்பந்தக்காரர். வடிகால் குழாயும் மேடாக்கற வேலையும் பல கோடி. பலன் தெரிய முப்பது நாப்பது வருஷம். உங்க கையில இருக்கிறது 10. பதிப்பீங்களா? வாடகை வீட்டுக்கு யாராவது அஸ்திவாரம் மாத்துவாங்களா? சுவருக்கு வெள்ளை அடிப்பீங்க, டீ கடை போடுவீங்க, அவ்வளவுதான். அதுதான் நடந்தது.

இதை உடைக்கத்தான் 2020 அக்டோபர்ல ஒரு புது ஏற்பாடு வந்தது. 2019-ல ஆரம்பிச்ச நேஷனல் லிங்க்ஸ் டிரஸ்ட் என்கிற லாப நோக்கமில்லாத அமைப்புக்கு, கிழக்கு பொட்டோமாக், லாங்ஸ்டன், ராக் கிரீக் மூணு மைதானத்தையும் 50 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தாங்க. சாமானியங்க ஆடக்கூடிய கட்டணத்துலயே மைதானங்களைப் புதுப்பிக்கறதுதான் நோக்கம். டாம் டோக், கில் ஹான்ஸ், போ வெல்லிங் மூணு பெரிய வடிவமைப்பாளர்களும் காசு வாங்காம வடிவமைச்சுத் தர ஒத்துக்கிட்டாங்க. கிழக்கு பொட்டோமாக் டோக் பங்கு. ட்ராவிஸோட ரெண்டு பக்க ஆட்டத்தை மீட்கணும்னா அவர் சரியான ஆள்தான். மிச்சிகன்ல "தி லூப்"னு 2016-ல ரெண்டு பக்கமும் ஆடற மைதானம் ஒண்ணு கட்டினவர்.

தட்டை நிலத்துல வடிகாலுக்கு மூணு வழிதான். ஒண்ணு, ஒரு பக்கம் தோண்டிக் குளமாக்கி, அந்த மண்ணால இன்னொரு பக்கத்தை மேடாக்கறது. ஹெய்ன்ஸ் பண்ணினதேதான், சின்ன அளவுல. ரெண்டு, ஒரு வழிக் கதவு போட்ட குழாயும் பம்பும். ஓதம் ஏறும்போது கதவு மூடிக்கும், பம்பு இறைக்கும். மின்சாரச் செலவு காலத்துக்கும். மூணு, கொஞ்ச இடத்தைத் தண்ணிக்கே விட்டுக் கொடுத்துடறது. சதுப்பா இருந்ததைச் சதுப்பாவே விட்டு, மிச்சத்தைக் காப்பாத்தறது. நல்ல புதுப்பிப்புன்னா மூணும் கலந்து இருக்கும்.

முடியாத காரியமான்னா, இல்லை. ஹூஸ்டன்ல மெமோரியல் பார்க்னு மாநகராட்சி மைதானம், 1936-ல ஜான் பிரெடிமஸ் கட்டினது. 2019-ல இதே டாம் டோக் புதுப்பிச்சார். உள்ளூர் பேஸ்பால் அணி முதலாளியோட அறக்கட்டளை சுமார் 3 கோடியே 40 லட்சம் டாலர் போட்டுது. 2020-ல இருந்து தொழில்முறைப் போட்டி அங்கே நடந்தது. ஆனாலும் மாநகராட்சி மைதானமாவே இருக்கு, ஊர்க்காரங்களுக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரங்களுக்கு அதைவிட எத்தனையோ அதிகம். நியூயார்க்ல பெத்பேஜ் பிளாக் அரசு மைதானத்தை 1990-களின் கடைசியில ரீஸ் ஜோன்ஸ் புதுப்பிச்சு, 2002-ல அமெரிக்க ஓப்பன் நடத்தினாங்க. அங்கேயும் மாநிலத்துக்காரங்களுக்குக் குறைஞ்ச கட்டணம். விடியக்காலையில இடம் பிடிக்க ராத்திரி கார்ல தூங்கற ஜனங்க அங்கே பிரசித்தம். இந்த ரெண்டு இடத்துலயும் கட்டணத்தைக் காப்பாத்தினது நல்ல மனசு இல்லைங்க, உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலைன்னு போட்ட விதி.

வாஷிங்டன்ல அப்படிப் போகலை. 2025 அக்டோபர்ல வெள்ளை மாளிகையோட கிழக்குப் பகுதியை இடிச்சப்போ தோண்டின மண்ணை லாரி லாரியா கொண்டு வந்து கிழக்கு பொட்டோமாக்லதான் கொட்டினாங்க. 140 வருஷம் கழிச்சும் அரசாங்கத்துக்கு மண் கொட்ட அதே இடம்! 2025 டிசம்பர் 30-ம் தேதி உள்துறை அந்த 50 வருஷக் குத்தகையை முறிச்சுது. ஒப்புக்கிட்ட மேம்பாட்டு வேலைகளைச் செய்யலைங்கறது அரசு தரப்பு. அதை டிரஸ்ட் மறுத்துது, 85 லட்சம் டாலருக்கு வேலை செஞ்சிருக்கோம்னு சொல்லிச்சு. யார் பக்கம் நியாயம்னு தீர்ப்பு சொல்ல நான் நாட்டாமை இல்லை. ஆனா 50 வருஷம்னு எழுதின பேப்பர் 5 வருஷத்துல முடியும்னா, அடுத்து வர்றவர் எந்தத் தைரியத்துல 40 வருஷக் குழாயைப் பதிப்பார்?

அதே நேரம் இன்னொரு பயமும் இருக்கு. பெரிய போட்டி, பெரிய பணம்னு யாராவது வந்து பிரமாதமா சரி பண்ணிடலாம். தண்ணி ஒரு சொட்டு நிக்காது. புல் கம்பளம் மாதிரி இருக்கும். அப்புறம் அந்தக் காலுறைப் பெரியவர் வாசல்ல விலைப்பட்டியலைப் பார்த்துட்டு பஸ் ஏறிடுவார். 1941-ல மூணு பேர் போலீஸோட நடந்து திறந்த கதவை, ஒரு விலைப்பட்டியல் சத்தமே இல்லாம மூடிடும். யாரும் கேலி பேசக் கூட வர மாட்டாங்க.

"சேறா இருந்தாலும் பரவாயில்லை, மலிவா இருந்தா போதும்"னு சொல்றவங்க என் ஆட்டக் கூட்டாளிகள்லயே உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஆறு வருஷா வருஷம் ஏறுது. ஒண்ணும் பண்ணாம விட்டா மலிவான மைதானம் நமக்கு மிஞ்சாது, மலிவான சதுப்புதான் மிஞ்சும். சரி பண்ணித்தான் ஆகணும். ஆனா வடிகால் வரைபடத்தை எழுதற அதே காகிதத்துல கட்டணத்தையும் எழுதணும். எந்த வருஷத்துக்கு எவ்வளவு ஏத்தலாம், உள்ளூர்க்காரனுக்கு எவ்வளவு, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எவ்வளவு. குழாய் பதிச்சதுக்கு அப்புறம் பேசிக்கலாம்னு விட்டா, அப்புறம் பேச நம்மளை உள்ளே விட மாட்டாங்க.

1897 சட்டத்துல பூங்கா என்றென்றைக்கும் மக்களுக்குன்னு எழுதினவங்க தண்ணியைப் பத்தியும் எழுதலை, காசைப் பத்தியும் எழுதலை. ரெண்டுமே கேக்காமத்தான் உள்ளே வரும்.

உங்க ஊர்லயும் இந்த மாதிரி பொது மைதானம், குளம், பூங்கா எதையாவது "புதுப்பிச்சு" வாசல்ல புதுசா டிக்கெட் கவுண்டர் வச்சிருந்தா சொல்லுங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.